செபராங் ஜெயாவுக்குக் கொண்டுபோன குப்பி

என் தங்கமான சரசுவுக்கு,

உன் கிரிஸ்டல் வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வேண்டும்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியை மாலதிதான் பார்த்துக்கொள்கிறாள். உன்னோடு வேலை செய்தவளாயிற்றே, ஒரு குப்பியைக்கூட எறியவில்லை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் போன் பண்ணி, "அண்ணே, அக்கா கடைசியா வச்சதுல ஒண்ணு வந்திருக்கு லா," என்றாள். ஓடினேன். குப்பியில் இருந்த திரவத்துக்கு அடியில் ஒரே ஒரு மணி, கல்கண்டுத் துணுக்கு மாதிரி. இதற்காகவா இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்காமல் ஓடினாய் என்று திட்டினேன். அழுதுகொண்டேதான் திட்டினேன்.

அதற்குள் அணுக்கள் எப்படி அடுக்காக அமைந்திருக்கின்றன என்று எக்ஸ்ரேயில் பார்த்தால்தான் நீ புதிதாகச் செய்த பொருளை நாலு பேர் நம்புவார்கள், உன் கடைசிக் கட்டுரையும் அச்சேறும். உனக்குத் தெரியாததா? இங்கே மெஷின் பழுது. கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஓர் ஆய்வகம் பார்த்துத் தருவதாகச் சொன்னது. மாலதி காரை ஓட்டினாள், ஐஸ் பெட்டி என் மடியில்.

தைப்பூசத்துக்காகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் ஜெலுத்தோங்கிலேயே மாட்டிக்கொண்டோம். கார் நின்று நின்று குலுங்க, பெட்டிக்குள் குப்பி கடகடவென்று ஆடியது. கிரிஸ்டல் வளரும்போது ஆடவே கூடாது என்று, கதவை அறைந்து சாத்துகிறவனையெல்லாம் நீ வைவாயே, அதுதான் நினைவுக்கு வந்தது. மாலதி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பியை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். உன் கையைப் பிடித்திருந்த மாதிரி இருந்தது, சரசு. கடல் பாலம் தாண்டியும் விடவில்லை.

அங்கே போய்க் கையைத் திறந்தால் குப்பியின் அடியில் ஒன்றுமில்லை. என் கைச்சூட்டிலேயே கரைந்துவிட்டது.

மாலதி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கவில்லை. "அது எங்கயும் போகல அண்ணே, கரைஞ்சு உள்ளதான் இருக்கு. ஆனா திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாது," என்றாள். படித்தவளுக்கே தெரியவில்லை. பள்ளியில் கெமிஸ்ட்ரியில் தேறாத நான் என்னதான் செய்வது, சொல்லேன்?

குப்பி மறுபடி அதே குளிர்பெட்டியில் இருக்கிறது. சனிக்கிழமை ஆனால் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறேன். இன்னும் ஒன்றும் காணோம்.

வந்தால் மாலதியே எடுத்துப் போவாள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நான் தொடமாட்டேன், சரசு. பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பேன்.

உன் வீட்டுக்காரன்,
ராமு