வெயில் கேட்காத செடி

மதினி,

தொட்டி மண்ணின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு தோல் படிந்திருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். பால்கனியில் காயப்போட்ட சேலையை எடுக்கப் போனவள், உங்கள் வெற்றிலைக் கொடி இருந்த தொட்டியில் ஏதோ மினுங்குவதைப் பார்த்துக் குனிந்தேன். செத்த மீனின் வயிறு மாதிரி இருந்தது. விரலால் கீறியதும் தோல் உடைந்து, கந்தகமும் அழுகலும் கலந்த நாற்றம் மேலே வந்தது. எனக்குப் பழகிய நாற்றம். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்துவிட்டு வரும் அண்ணனின் சட்டையில் தினமும் அடிப்பது.

நீங்கள் இருந்தவரை காலையில் எழுந்ததும் ஒரு பழைய கரண்டியால் மண்ணைக் கிளறிவிடுவீர்கள். அதனால் இந்தத் தோல் படிந்ததே இல்லை. நீங்கள் போன பிறகு அதைத் தொட ஆளில்லை.

கல்யாணமாகி ஆமத்தூரிலிருந்து நீங்கள் வந்த புதிதில், இந்த மாடி வீட்டில் உங்களுக்குப் பிடித்த ஒரே இடம் பால்கனிதான். எதிரே அட்டை குடோன் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். சித்திரை மாதத்திலும் வெயில் விழாது. சைக்கிளில் செடி விற்க வந்தவரிடம் நீங்கள் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வெயிலே எட்டிப் பாக்காத எடம். அங்கன எது வரும்?"

"வெயில் இல்லாட்டி நானே வளர மாட்டேன் தாயி. ரோசா வாங்கிக்கோங்க, பாக்க அழகா இருக்கும்."

"பட்டினி போட்டுக் கொல்லவா? ஒங்களையும் தொட்டியில வைக்கச் சொல்லல. நெழல்ல வர்றதாச் சொல்லுங்க."

தெருவில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். எனக்கு வெளியாட்கள் முன்னால் சிரிக்கவும் கூச்சம்.

முதலில் மணி பிளான்ட் வைத்தீர்கள். சாகடிக்கவே முடியாது என்று எல்லாரும் சொன்ன செடி, தண்டு கொழகொழத்துச் சரிந்தது. அடுத்து வைத்த பெரணி நுனியிலிருந்து கருகி வந்தது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், அரிசி கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் எடுத்துவைத்து ஊற்றினீர்கள். தொட்டிகளை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மாற்றிப் பார்த்தீர்கள். நாம் இருவரும் பட்டாசுக்குக் காகிதக் குழல் உருட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொல்வீர்கள்: "வெயில் கேக்காத செடியும் ஒலகத்துல இருக்கு புள்ள. நமக்கு இன்னும் அம்புடல, அம்புட்டுத்தான்."

கடைசியாகத்தான் வெற்றிலைக் கொடி. கொடிக்காலில் அகத்தி நிழலில்தானே அதை வளர்க்கிறார்கள், இது நிச்சயம் வரும் என்றீர்கள். இரண்டு தளிர் விட்டதும் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினீர்கள். அதுவும் கருகியபோது அம்மா உங்கள் காதுபடவே சொன்னாள்.

"வெத்தலையே தங்கல. இவ வயித்துல என்னத்தத் தங்கும்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தான். "அவ கை ராசி அப்படி."

அதன் பிறகு தண்ணீர்ச் செம்பை என்னிடம் கொடுத்துவிடுவீர்கள். "நீ ஊத்து புள்ள. என் கை பட வேண்டாம்." பக்கத்து வீட்டுக் குழந்தை உங்களைப் பார்த்துத் தாவும்போதும் கையைச் சேலைக்குள் வைத்துக்கொள்வீர்கள். காமாலையில் படுத்த நாள்வரை அப்படித்தான் இருந்தீர்கள். அதை நம்பிக்கொண்டேதான் போனீர்கள்.

வெள்ளித் தோலைப் பார்த்த அன்று சாயங்காலம் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் வந்தான். பால்கனியில் வாளித் தண்ணீரில் கையையும் காலையும் தேய்த்துக் கழுவினான். தண்ணீர் ஈயம் மாதிரி மினுங்கியது. கீழே சாக்கடையில் கொட்டுவதாக நாம் நினைத்திருந்த அந்தத் தண்ணீரை, ஒவ்வொரு தொட்டியாக ஊற்றினான். செத்த குச்சிகளின் மேலேயே ஊற்றினான்.

"எப்பவும் இதுலதான் ஊத்துவியாண்ணே?"

"பெறகு? வாளியத் தூக்கிட்டுப் படியெறங்கவா?"

"மதினி இருக்கும்போதுமா?"

"ஆமா."

"மருந்துத் தண்ணியில செடி செத்துப்போகும்லா."

"செத்துச்சு. செடிதானே. சோத்தப் போடு."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது, மதினி. தெரிந்துகொண்டேதான் கை ராசி என்று சிரித்திருக்கிறான். சோறு போட்டேன். நக இடுக்கில் வெள்ளி ஒட்டியிருந்த விரல்களால் அவன் குழம்பைப் பிசைந்தான். அந்தத் தட்டை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பாதி கேட்பதற்குள் அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"செத்தவ வந்து கேக்கப்போறாளா? ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரக வர்றாக. வாயப் பொத்திட்டு இரு."

உங்களுக்கு இன்னும் வருசம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்காக அம்மா பிளாஸ்டிக் கொடி வாங்கிவந்து பால்கனிக் கம்பியில் சுற்றினாள். மீந்ததை அரசாங்கம் கொடுத்த டிவியின் மேல் போட்டாள். அந்தப் பச்சையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. உங்கள் தொட்டிகளை மூலையில் தள்ளிச் சாக்கால் மூடிவிட்டாள்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு நின்றேன். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, நகமெல்லாம் வெட்டி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். பெண்ணின் அம்மா பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு செடி வைக்கலாம்லா? எடம் சும்மாதான கெடக்கு" என்றார்.

"மூத்த மருமவ என்னென்னமோ வச்சா" என்றாள் அம்மா. "ஒண்ணும் தங்கல. வயித்துலயும் தங்கல. அவ கை ராசி அது. ஒங்க மக வந்துதான் இந்த வீடு தழைக்கணும்."

அந்த அம்மா "உச்" கொட்டினார். அண்ணன் காப்பியை உறிஞ்சினான்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். பால்கனிக்குப் போய்ச் சாக்கை விலக்கினேன். வெற்றிலைத் தொட்டியைத் தூக்கிவந்து பெண்ணின் அம்மா முன்னால், காப்பி டம்ளர்களுக்கு நடுவில் வைத்தேன். மேல்மண்ணை விரலால் கீறி, வெள்ளி ஒட்டிய விரலை அவரிடம் நீட்டினேன்.

"மதினி வச்ச செடிக்கெல்லாம் மருந்துக் கை கழுவுன தண்ணிய அண்ணந்தான் ஊத்துச்சு" என்றேன்.