கவர்னருக்கு ஒரு ‘இல்லை’

முதலாளி,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வரிகள் மேலேறிக் கீழிறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது தாண்டியபின் எழுதப் படித்தவன் நான். பக்கத்து ஸ்ரீவராகம் தெருவில் இருக்கும் ஒரு டீச்சர் மாலைதோறும் சொல்லித் தருகிறார். இன்று காலை பத்திரிகையைப் பிரித்ததும் மை விரலில் ஒட்டியது. அந்த மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

அன்று சாலைக் கடைத்தெருவில் உங்கள் அச்சகத்தில், உங்கள் பத்திரிகையைக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றுகிறவனாக இருந்தேன். டீ குடிக்கும் நேரத்தில் உங்கள் தலையங்கத்தை எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். “அது சரியில்லை” என்பேன். உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள். எவ்வளவு சந்தோஷமான சண்டை!

பிறகு வடக்கே ஒரு மலை மாநிலத்துக்கு உங்களைக் கவர்னராக்கினார்கள். ஞாயிறுதோறும் பக்கத்து அரிசிக் கடைக்கு ஃபோன் வரும். கடைக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டு, “அண்ணாச்சி, ஓடி வாரும்! கவர்னராக்கும்!” என்று கூவுவார்.

“ஃபோன்ல வேட்டி தெரியாது வே” என்றபடி வாங்குவேன்.

“இங்க எல்லாவனும் யெஸ் சார்னுதான் சொல்லுகான்டே” என்பீர்கள். “சர்க்கார் எழுதித் தந்த பேச்சைத்தான் சட்டசபையில வாசிக்கணும். ஒரு வரியை அடிக்க முடியாது. நீயாவது இல்லைன்னு சொல்லு. புத்தி மங்கிப் போவும் போலிருக்கு.”

ஒரு ஞாயிறு உங்கள் குரல் தளர்ந்திருந்தது. “எல்லாத்தையும் விட்டுட்டு வந்துரட்டாடே?”

“வேண்டாம். உங்க மவன் பத்திரிகையை நல்லா நடத்துகான். நீங்க வந்தா கெடுத்துருவீங்க.”

ஃபோனை வைத்துவிட்டீர்கள். அந்த வாரம் முழுவதும் அரிசிக் கடைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு மணி அடித்தது.

“நீ சொன்னது தப்புடே. நான் எதைக் கெடுத்தேன்? சொல்லு!”

குரல் பழையபடி கணீரென்று இருந்தது. பதவிக்காலம் முடித்துத்தான் ஊர் திரும்பினீர்கள்.

இன்று உங்கள் நினைவுநாள் என்று பழைய தலையங்கம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். காலை முழுவதும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். சாலைக் கடைத்தெருவில் பகலில் சுமைவண்டி கூடாது என்கிறீர்கள். அன்று உங்கள் குரலில் கேட்டுப் பாதி சம்மதித்திருப்பேன். குரல் இல்லாமல் வாசித்தால்தான் தெரிகிறது. தப்பு, முதலாளி. பகலில் சரக்கு இறங்காவிட்டால் சுமக்கிறவன் எப்போது தூங்குவான்?

நீங்கள் போனபின் மறுத்துப் பேச ஆளில்லாமல் இருந்தேன். இப்போது அச்சில் வரும் எதையும் மறுக்கலாம் என்றாகிவிட்டது. கடைசிப் பத்தியிலும் ஒரு தப்பு இருக்கிறது. கை வலிக்கிறது, அதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் பக்கத்து நியாயத்தை யோசித்து வையுங்கள்.