எய்னாரின் வலை

அன்புள்ள அம்மாவுக்கு தோர்திஸ் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

கடலடியில் தொலைந்த வலைகள் ஆளில்லாமலே மீன்களைக் கொல்கின்றன. அந்த வலைகளைத்தான் மீனவர்களோடு சேர்ந்து எடுத்துவருகிறோம். நேற்று மீனவர் ஹால்வாரின் படகில் போனேன். ஒரு வலை பாதி மேலே வந்து சிக்கிக்கொண்டது. வலையெங்கும் பாசி, ஆனால் கிழிசல்களை யாரோ புது நூலால் தைத்திருந்தார்கள்.

ஹால்வார் முடிச்சைத் தடவினார். "இது எய்னார் போடுற முடிச்சு."

எய்னார் அவருடைய தம்பி. பல வருடங்களுக்கு முன் இங்கேதான் படகோடு மூழ்கினான்.

"அறுத்து விட்டுடலாமா?" என்றேன்.

"வேணாம்மா." பிறகு தண்ணீரைப் பார்த்து, "பாடுபட்டது போதும்டா, விடு" என்றார். வலை சட்டென்று லேசாகி மேலே வந்தது.

பயப்படாதீர்கள், நீரோட்டமாக இருக்கும். திரும்பும்போது ஹால்வார் மூன்று கோப்பையில் காபி ஊற்றினார். படகில் நாங்கள் இருவர்தான். கரை சேர்ந்தபோது மூன்றும் காலியாக இருந்தன.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அப்பாவின் பழைய ரேடியோவையும் அனுப்புங்கள். அறையில் ஏதாவது குரல் கேட்டால் நன்றாயிருக்கும். படகு கிளம்புகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
தோர்திஸ்