திறக்க மறுத்த முகங்கள்

இன்று காலை கணினித் திரையில் ஒரு சிறு பெட்டி வந்து நின்றது. சந்தா முடிந்துவிட்டதாம், புதுப்பித்தால்தான் கோப்பு திறக்குமாம். மேசைக்கு அப்பால் கதிரவெளி ஊர் அக்கா ஒருவர், கணவரின் ஆண்டு நினைவு நோட்டீசுக்காக வந்து நின்றார். எனக்கு முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போன நீ சொன்னதே சரியாகிவிட்டதே என்ற கோபம்.

வாழைச்சேனையில் தோழிகள் நாம் இருவரும் இந்தக் கடையைத் தொடங்கியபோது, நோட்டீஸ் வடிவமைக்கும் மென்பொருளை நீதான் கொழும்பில் சீடியாக வாங்கி வந்தாய். பிறகு அந்தக் கம்பெனி மாதச் சந்தாவுக்கு மாறியது. நாமும் மாறுவோம் என்றேன். பழையது தானாக மாறிவிடாதபடி நீ கணினியின் இணைய வயரையே பிடுங்கிவிட்டாய்.

"வாங்கின அம்மியில அரைக்க, வித்தவனிட்ட மாசாமாசம் கேக்கிறதா? போ புள்ள."

"புதுப் புது எழுத்தெல்லாம் வருதாம்" என்றேன்.

"செத்த ஆக்களுக்குப் பழைய எழுத்துப் போதும்."

சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான்.

நீ போனதும் நான் புதுக் கணினி வாங்கிச் சந்தாவுக்கு மாறினேன். உன் முப்பத்தோராம் நாள் நினைவு நோட்டீசுதான் புதியதில் செய்த முதல் வேலை. பிறகு ஒரு வேகத்தில் பழைய கோப்புகளையெல்லாம் அதில் திறந்து, அதன்மேலேயே சேமித்தேன். பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. இப்போது உன் பழைய கணினிக்கும் அவை விளங்கவில்லை. கடலும் சண்டையும் ஆல்பங்களைத் தின்ற ஊர் இது. எத்தனையோ வீட்டு முகங்கள் நம் கடையில் மட்டும்தான் இருக்கின்றன.

"என்ன தங்கச்சி, அவர்ர படம் இல்லியா? எங்களிட்ட வேற இல்லையே" என்றார் அக்கா.

"இருக்கு அக்கா. திறக்க ஏலாமக் கிடக்கு."

"முதல் நோட்டீசும் உங்கட கடையிலதானே செய்த? மறுகா ஆரிட்டக் கேக்கோணும்?"

பின்னேரம் வரச் சொல்லி அனுப்பினேன். அதிலிருந்து இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைக்குள்ளேயே நடக்கிறேன்.

என் வங்கி அட்டை காலாவதியாகிவிட்டது. அண்ணனின் அட்டையைக் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு மாதம் கட்டுவேன், வெட்கத்தோடுதான். அதற்குள் ஒவ்வொரு கோப்பையும் பழைய கணினிக்கு விளங்கும்படி மாற்றிவிட்டு, சந்தாவை நிறுத்திவிடுவேன்.

முதலில் கதிரவெளி அக்காவின் கணவர். பிறகு மற்றவர்கள். உன்னைக் கடைசியில்தான் திறப்பேன். கூடவிருந்து கடை நடத்தியவளின் முகத்தைப் பார்க்க, எவனிடமோ அனுமதி கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். என்னை ஏசு புள்ள. சண்டைபிடிக்க எனக்கு வேறு ஆளில்லை.