ஒரு ஜெனரேட்டர், இரண்டு சார்ஜர்

ஜூன் 1, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே எங்கள் புஞ்சைக் காட்டுக்குப் போய்விட்டேன். என் பேட்டரி பைக்கில் மூன்று ரவுண்டு, சிநேகிதன் நியாஸ் பைக்கில் மூன்று ரவுண்டு. அவன் ஷார்ஜா போன பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் கழிகிறது. சும்மா போட்டால் பேட்டரி செத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் ஒரு வண்டியை நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அடுத்த வண்டியில் ஏறுவதை ஆடு மேய்க்கிற பாலம்மாள் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்த வண்டி கோளாறா தம்பி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்பும்போது பக்கத்துக் காட்டுக் காசி அண்ணாச்சி வழிமறித்தார். அவருடைய பம்புசெட் ரூமில்தான் இதுவரை இரண்டு வண்டிக்கும் சார்ஜ் போட்டோம். "தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீய. விவசாயத்துக்குன்னு குடுத்த இலவச கரண்டு. எவனாவது ஈ.பி.க்கு எழுதிப் போட்டாம்னா எனக்குத்தான் வம்பு. இனிமே வேண்டாம்."

அவர் சொல்வதில் தப்பே இல்லை. இத்தனை நாள் விட்டதே பெரிது. வண்டிகளை என் கடை இருக்கிற சங்கரன்கோவிலுக்கு ஓட்டி வரவும் முடியாது. நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஏற்றக் கூடாத ஜாதி. பேட்டரியும் கழற்றுகிற வகை இல்லை. பனவடலிசத்திரத்துக்கு மேற்கே அப்பா விட்டுப் போன இரண்டு ஏக்கர் செவக்காடு, அதில் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகையில் இரண்டு வண்டி. நாலு பக்கமும் காத்தாடி சுற்றிச் சுற்றிக் கரண்டு எடுத்து எங்கேயோ அனுப்புகிறது. கீழே எனக்கு ஒரு பிளக் இல்லை.

ஜெனரேட்டர்தான் வழி.

ஜூன் 3, செவ்வாய்

நியாஸ் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான்.

"ஏலே மருது, ஜெனரேட்டர் எடுக்கதுன்னா இன்வெர்ட்டர் டைப்பா எடு. சூட்கேஸ் மாதிரி இருக்கும், சத்தமும் கம்மி. மைக்செட்காரன்ட்ட கெடக்குல்லா டீசல் ஜெனரேட்டர், அதைக் கிட்டயே கொண்டு போவாத. சார்ஜருக்குச் சுத்தமான கரண்டு வேணும் பாத்துக்கோ."

இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். இந்த ஊரில் பாதித் தறி என் கை பட்ட மோட்டாரில்தான் ஓடுகிறது. ஷார்ஜாவில் துணிக்கடையில் நிற்கிறவன் எனக்குக் கரண்டு பற்றிப் பாடம் எடுக்கிறான். கரண்டில் என்ன சுத்தம்? குளித்துவிட்டா வரும்?

கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

ஜூன் 7, சனி

பக்ரீத். ஒவ்வொரு வருஷமும் இன்று கடையநல்லூரில், அவன் வீட்டில்தான் சாப்பாடு. இந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் அவன் இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு அவன் தம்பி ஆஷிக் அலி தூக்குச்சட்டியோடு வந்து நின்றான். "காக்கா போன் பண்ணிச் சொன்னாங்க." அண்ணனை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

பிரியாணி. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட்டேன். இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மைக்செட் மாரிசெல்வத்திடம் டீசல் ஜெனரேட்டரை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோனேன். நியாஸ் வேண்டாமென்று சொன்ன அதே ஜெனரேட்டர். முதலில் அவன் வண்டிக்குத்தான் சார்ஜர் மாட்டினேன். அவன் பொருளுக்கு முதல் மரியாதை என்று நினைப்பு.

மீட்டர் நூற்றுத் தொண்ணூறு வோல்ட்தான் காட்டியது. தறிக்கு ஓடுகிற ஜெனரேட்டராக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வோம்? இஞ்சின் வேகத்தைக் கூட்டுகிற கவர்னர் ஸ்குரூவை லேசாக முறுக்குவோம். முறுக்கினேன். இருநூற்றுப் பத்து. அதோடு விட்டிருக்கலாம். இன்னும் ஒரு சுற்று. இஞ்சின் ஒரு தடவை மூச்சை அடக்கி, பிறகு பிய்த்துக்கொண்டு ஓடியது. மீட்டர் முள் கடைசிவரை போய் முட்டியது. நான் குனிவதற்குள் சார்ஜருக்குள் டப் என்று ஒரு சத்தம். புகை.

மோட்டார் கருகினால் வார்னிஷ் வாடை வரும், தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். இது எனக்குத் தெரியாத வாடை.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்கிரீனில் வெளிச்சம் வருகிறது. பேட்டரி இருபது சதவீதம். ஆனால் என் சார்ஜர் அதற்குச் சேராது. என்னுடையது அறுபது வோல்ட், அவனுடையது எழுபத்திரண்டு.

ஏன்டா முறுக்குனே? எவன்டா ஒன்ன முறுக்கச் சொன்னான்?

ஜூன் 9, திங்கள்

கடை திறக்கவில்லை.

ஜூன் 11, புதன்

நியாஸ் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை கேட்கிற கேள்வியை இன்றைக்குக் கேட்டான்.

"ஓட்டுனியா?"

"ஓட்டுனேன்."

"என் வண்டி எப்படிலே இருக்கு?"

"நல்லா கெடக்கு."

வாயில் அப்படித்தான் வந்தது. சார்ஜர் என்ன பெரிய சார்ஜர், வாங்கிக் கொடுத்துவிடலாம். பயம் அதற்கில்லை. வாரத்தில் ஒரே ஒரு போன்தான் எனக்கு வருகிறது, தறிக்காரர்கள் 'மோட்டார் என்னாச்சு' என்று கேட்பதைத் தவிர. அதுவும் நின்றுபோனால் என்ன செய்வது? நாற்பத்து நாலு வயதில் புதிதாக ஒரு சிநேகிதனுக்கு எங்கே போவேன்.

ஜூன் 14, சனி

சார்ஜரைத் திறந்து பார்த்தேன். கருகிய பலகை, உப்பி வெடித்த இரண்டு கெப்பாசிட்டர், பெயர் தெரியாத சில்லறைச் சாமான்கள். கட்டுவதற்கு ஒரு காயில்கூட இல்லை. இருந்த ஒன்றிரண்டும் சுண்டுவிரல் நகம் அளவு. என் தொழில் இதற்குள் நுழையவே முடியாது.

வண்டி வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம், சார்ஜர் ஸ்டாக் இல்லையாம், வந்தால் சொல்கிறார்களாம். வராது என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 21, சனி

திருநெல்வேலியில் ஜெனரேட்டர் கடை. கோகிலா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் பொறுமையாகக் காட்டினாள். இன்வெர்ட்டர் வகைதான், நியாஸ் சொன்ன சூட்கேஸ்தான். லோடு ஏறினாலும் இறங்கினாலும் வோல்ட் அசையாதாம். "இதுல முறுக்க ஸ்குரூ இருக்காம்மா?" என்று கேட்டேன். "வெளியில எதுவும் இல்ல சார். நம்ம கை வைக்கவே வேண்டாம்." எனக்கென்றே செய்ததுபோல இருக்கிறது.

பிறகு கேட்டாள், "ஒரே நேரத்துல எத்தனை சார்ஜர் சார் போடுவீங்க?"

சின்னது ஒரு சார்ஜருக்குப் போதும், ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டு சார்ஜரும் சேர்ந்தால் ஆயிரத்து ஐநூறு வாட், அதற்குப் பெரியதுதான் வேண்டும், கிட்டத்தட்ட இரட்டை எடை. எளிமையான கணக்கு. ஒருவனாகப் போய் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் சின்னதே போதும். நியாஸ் லீவில் வந்து, இரண்டு பேரும் ஓட்டி, இரண்டையும் ஒன்றாக மாட்டிவிட்டு வேப்பமரத்தடியில் படுத்துக் கிடந்தால் பெரியது. அவன் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

"யோசிச்சுட்டு வாரேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

நியாஸ் பேசினான். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஃபேமிலி விசா கிடைத்துவிட்டதாம். மனைவியையும் பிள்ளையையும் அங்கேயே கூட்டிக்கொள்கிறான். தபசுக்கு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு வருவதாகவே இல்லை.

நல்ல செய்திதான். நல்ல செய்தி என்றே சொன்னேன்.

"அதாம்லே மருது, என் வண்டியை வித்துரு. சும்மா கெடந்து வீணாப் போவதுக்கு யாராவது ஓட்டட்டும். நல்ல கண்டிஷன்ல இருக்குன்னு நீயே சொல்லுத, நல்ல வெலைக்குப் போவும்."

நீயே சொல்லுத.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு வழி தோன்றுகிறது. வண்டியை நானே எடுத்துக்கொள்வது. விற்றுவிட்டேன் என்று சொல்லி ரூபாயை அனுப்பிவிடுவது. அவன் கண்ணில் அந்த வண்டி இனிப் படவே போவதில்லை. சார்ஜர் கதை என்னோடு போய்விடும்.

காலையிலிருந்து இதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். ஒரு ஓட்டையும் தெரியவில்லை. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

திருநெல்வேலி போய்ப் பெரிய ஜெனரேட்டரே எடுத்துவிட்டேன். கோகிலா பில் போடும்போது, "ரெண்டு பேரா ஓட்டுவீங்களா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். புத்தியுள்ளவன் சின்னதுதான் எடுத்திருப்பான். கடைக்காரப் பெண்ணிடம் "ஒண்ணு" என்று சொல்ல வாய் வரவில்லை.

பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார் கண்டக்டர். பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

என் வண்டிக்குச் சார்ஜர் மாட்டினேன். மீட்டர் இருநூற்று முப்பதில் நின்றது நின்றபடி இருந்தது. சத்தமும் பெரிதாக இல்லை, பாலம்மாள் அக்காவின் ஆடுகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நியாஸ் சொன்னது அத்தனையும் சரி. ஜெனரேட்டரில் இரண்டாவது பிளக் மூடி போட்டபடி இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்து போனை எடுத்து வாய்ஸ் மெசேஜில் பேசிவிட்டேன். "நியாஸ், ஒன் சார்ஜரை நான் எரிச்சுட்டேன்லே. போன மாசம் எட்டாம் தேதி. நீ வேண்டாம்னு சொன்ன மைக்செட் ஜெனரேட்டர்லதான். ஸ்குரூவை முறுக்குனதும் நான்தான். நல்லா கெடக்குன்னு சொன்னதெல்லாம் பொய். பேட்டரி எறங்கிக்கிட்டே இருக்கு." இன்னும் என்னவோ சொன்னேன். ஒரு நிமிஷம் பத்து செகண்டு. திரும்பக் கேட்டால் அழித்துவிடுவேன் என்று கேட்காமலே அனுப்பினேன்.

ஜூலை 7, திங்கள்

கேட்டுவிட்டான். நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

ஜூலை 9, புதன்

பதில் வந்தது. எழுத்தில். அவன் எழுதவே மாட்டான், எப்போதும் பேசுகிறவன்.

"சார்ஜர் போனா போவுது. ஒரு மாசமா நல்லா கெடக்குன்னு சொன்னியே."

ஜூலை 13, ஞாயிறு

போன் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வரவில்லை. நானும் ஓட்டவில்லை. கொட்டகையைப் பெருக்கிவிட்டு வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

அவன் வண்டி எட்டு சதவீதம். பாலம்மாள் அக்கா கேட்டாள், "இப்ப ரெண்டு வண்டியையும் ஓட்ட மாட்டேங்கியே, என்னாச்சு தம்பி?" சிநேகிதனிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, ஒரு மாதத்துக்கு மேலாக வேறு யாரிடமும் சொல்ல முடியாததை. அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டே, "பொறவு நெசத்தச் சொல்லியாச்சா?" என்றாள். சொல்லியாச்சு. "அப்ப இனி அந்தத் தம்பி பாடு" என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

தபசுக்கு ஊர் நிறைந்துவிட்டது. தெருவுக்குத் தெரு மைக்செட். என் கடை வாசலிலேயே மாரிசெல்வத்தின் அந்த டீசல் ஜெனரேட்டர் கிடந்து உறுமுகிறது. அதன் பக்கம் நான் திரும்பவில்லை. இத்தனை கூட்டத்தில் மருது என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை.

சாயங்காலம் ஆஷிக் அலி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கையில் டேப் சுற்றிய அட்டைப்பெட்டி. ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த யாரோ ஒரு கடையநல்லூர்க்காரர், தன் பெட்டிக்குள் இடம் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாராம். சாமான் கொடுத்துவிடும்போது எல்லோரும் செய்வதுபோல மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருந்தது. நியாஸ் கையெழுத்து. 'மருது, சங்கரன்கோவில்.'

உள்ளே சார்ஜர். எழுபத்திரண்டு வோல்ட்.

"காக்கா ஏதாவது சொன்னானாடா?"

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. குடுத்துட்டு வான்னாங்க, அவ்வளவுதான்."

"வண்டியை விக்கிறதப் பத்தி?"

"அதப் பத்திப் பேசல."

ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். பெட்டிக்குள் துண்டுச்சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று தெர்மகோலை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆறரைக்கே காட்டில். ஜெனரேட்டரைப் போட்டேன். முதலில் என் சார்ஜர். பிறகு இரண்டாவது பிளக்கின் மூடியை எடுத்துவிட்டு அவன் சார்ஜர். மீட்டர் அசையவில்லை. இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எங்கேயும் கை வைக்காமல்.

அவனுடையது பச்சை ஆனபோது மணி பத்தரை. என்னுடையது முன்னமே ஆகிவிட்டது. இரண்டையும் ஓட்டினேன்.

இறங்கி, வேப்பமரத்தடியில் தண்ணீர் குடிக்கும்போது போனைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு, ஒரே வார்த்தை.

"ஓட்டுனியா?"

நல்லா கெடக்கு என்று எழுதினால் இப்போது அது நிஜம். ஆனாலும் எழுந்து போய் அவன் வண்டியை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்துதான் பேசினேன்.

"என்னதுல மூணு ரவுண்டு, ஒன்னதுல மூணு ரவுண்டு. ஒன்னதுல பின் பிரேக் கத்துது. எடதுபக்க முன் ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கசிவு இருக்கு, போன மாசமே இருந்திருக்கும், நான் பாக்கல. கிக் ஸ்டாண்டு ஸ்பிரிங்கும் லூசு."