பெரட்டில் கடைசிப் பெயர்

கேமரன் மலை
9 மார்ச் 2025

அன்பு மகள் ஜெனட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் உயிரோடு இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். போன் பண்ணாதீர்கள் என்றுதானே சொன்னாய்? கடிதம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அதனால் போடுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. அந்த மழையிலும் கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க ஒரே கூட்டம்.

பக்கத்து வீட்டு விக்னேஸ்வரி தானா ராத்தா டவுனிலிருந்து உன் படக்கதைப் புத்தகத்தை வாங்கி வந்தாள். "ஆண்டி, இது நீங்கதான்லா! மூக்கப் பாருங்க!" என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். மூக்கு என்னுடையதேதான். தலைத்துண்டு காற்றில் பறக்க, உன் கதாநாயகி ஒரு கையால் லோரியைத் தூக்குகிறாள். மறு கையில் ஒரு குழந்தை தூங்குகிறது. நன்றாக வரைந்திருக்கிறாய். ஆனால் அவளுக்குப் போய் 'கங்காணி' என்று பெயர் வைத்திருக்கிறாயே, வேறு பெயரே கிடைக்கவில்லையா? உன் பாட்டன் காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். கங்காணி என்றால் பிரம்பு. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷமாக அந்த வேலை பார்க்கிற எனக்கே கூச்சமாக இருந்தது.

ஈஸ்டருக்கு வந்துவிட்டுப் போ. தம்பி டெஸ்மண்டின் கல்லறைக்கு வெள்ளை அடிக்க வேண்டும். என் வலது தோள் தூக்கமாட்டேன் என்கிறது.

முத்தங்களுடன்,
அம்மா வெரோனிகா


கோலாலம்பூர்
20 மார்ச் 2025

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

பெயரை மாற்ற மாட்டேன். இங்குள்ள பிள்ளைகளிடம் கங்காணி என்றால் என்ன என்று கேட்டேன். 'கண்ணாலேயே எல்லாரையும் பார்த்துக்கொள்கிறவள்' என்றார்கள். பிரம்பு அவர்களுக்குத் தெரியாது, கொடுத்துவைத்தவர்கள்.

இரண்டாம் புத்தகத்தில் மண்சரிவு வருகிறது. மழைக்கு ஒதுங்கிய ஆட்களோடு, கொழுந்து நிறுக்கும் கொட்டகை சரிகிறது. விழுந்த உத்தரத்தைக் கங்காணி வாசலில் நின்று தோளில் தாங்குகிறாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆட்களை வெளியே எடுக்கிறாள். அதுவரை வரைந்துவிட்டேன். அந்தத் தோளை வரையும்போது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பென்சில் நகரவில்லை.

பள்ளி விடுமுறையில் நானும் தம்பியும் வேலைக்கு வந்தால், காலையில் ஆட்களைப் பேர் சொல்லி எடுக்கும் பெரட்டில் எல்லாருடைய பெயரையும் கூப்பிட்ட பிறகுதான் எங்கள் பெயர் வரும். கோயிலில் கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கும்போதும் எங்களைக் கடைசியில்தான் நிறுத்துவீர்கள். கேக் தீர்ந்துபோன வருஷமும் உண்டு. எல்லாரும் உங்களை மெச்சினார்கள். அதற்கெல்லாம் நான் கோபிக்கவில்லை. ஆனால் நிஜமாகவே கொட்டகை சரிந்த அன்றைக்குமா அம்மா அதே வரிசை?

விக்னேஸ்வரி என்னிடம் சொன்னாள். "டெஸ்மண்ட் வாசல்கிட்டதான் நின்னான். நீ போடான்னேன். 'அம்மா இன்னும் என் பேரக் கூப்பிடலியே'ன்னு சிரிச்சான்."

அவன் பெயர் வந்தபோது மலை இரண்டாம் தடவை இறங்கிவிட்டது.

என் புத்தகத்தில் கங்காணி தன் பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுவாள். ஈஸ்டருக்கு வர மாட்டேன்.

ஜெனட்


கேமரன் மலை
2 ஏப்ரல் 2025

என் கண்ணு ஜெனட்டுக்கு,

கோபமாக எழுதினாலும் எழுதினாயே, அதுவே போதும்.

நீ என் வயிற்றில் இருந்தபோது இங்கே காளிமுத்து என்பவர் கங்காணி. தன் வீட்டாரைத்தான் முதலில் கூப்பிடுவார். ரோட்டோரம் சமதளமாக இருக்கும் நிரைகள் அவர்களுக்குப் போகும். வழுக்கும் சரிவு எங்களுக்கு. உன்னைச் சுமந்துகொண்டு அந்தச் சரிவில்தான் கொழுந்து பறித்தேன். பிறகு ஒரு நாள் துரை அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். நாளைக்கு என் பிள்ளைகளே வேலைக்கு வந்தாலும் அவர்கள் பெயர் கடைசியில்தான் வரும் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒரு பெண்ணின் சொல்லை ஆட்கள் கேட்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

ஆனால் அன்றைக்கு நான் நியாயம் எதுவும் பார்க்கவில்லை, ஜெனட். மண்ணும் மழையும் கண்ணை மறைத்துவிட்டன. வாசலில் நின்றவன் அவன் என்று எனக்குத் தெரியாது. உத்தரம் தோளில் இறங்கியதும், வாய் தினமும் போகிற வழியிலேயே போய்விட்டது. யோசித்திருந்தால் அவனைத்தான் கூப்பிட்டிருப்பேன். அவனுக்கு முந்தின பெயர் விக்னேஸ்வரி. தோள் தூக்காததால் அவள்தான் தினமும் வந்து எனக்குத் தலை வாரிவிடுகிறாள். சில நாள் அவள் முகத்தைப் பார்த்து, இவளுக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நினைத்துவிடுகிறேன். உடனே வெட்கமாகிவிடுகிறது. பாவம், நான் நினைப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. சிக்கு எடுத்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

உன் கங்காணியை நீ நினைத்தபடியே வரை. அவள் பிள்ளை பிழைக்கட்டும். ஒரு புத்தகத்திலாவது பிழைக்கட்டும்.

நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. இப்போதெல்லாம் ஆட்கள் வருவதற்கு முன்பே பெரட்டுக் களத்துக்குப் போய்விடுகிறேன். முதல் பெயராக டெஸ்மண்டைக் கூப்பிடுகிறேன். கொஞ்ச நேரம் நிற்கிறேன். மற்றவர்களை அதற்குப் பிறகுதான் கூப்பிடுகிறேன். மே மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அவனை எங்கே நின்று கூப்பிடுவது என்று தெரியவில்லை.

அங்கே வெயில் அதிகமாமே. தண்ணீர் நிறையக் குடி.

அம்மா


கோலாலம்பூர்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இரண்டாம் புத்தகம் முடிந்தது. பிள்ளையை முதலில் கூப்பிடுகிற மாதிரிதான் வரைந்து பார்த்தேன். வெளியே ஓடி வருகிற பையனுக்குத் தம்பியின் முகம் அமையவே இல்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்துபோனது. விக்னேஸ்வரியை உள்ளே விட்டுவிட்டு ஓடி வருகிறவனா நம் டெஸ்மண்ட்? நீங்கள் வளர்த்த பிள்ளைதானே அவனும்.

அதனால் நடந்தபடியே வரைந்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் கங்காணி விடியலில் தனியாக நின்று கூப்பிடுகிறாள். லோரியைத் தூக்கிய கையால் ஒரு சீப்பைத் தூக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். பயப்பட மாட்டார்கள், அழுவார்கள் என்றேன்.

கோபம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைப் பார்க்காமல் இருக்க இனி என்னால் முடியாது. ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, பஸ்ஸில் தானா ராத்தா வந்து இறங்குவேன். சுண்ணாம்பு வாங்கி வையுங்கள். கல்லறைக்கு நான் அடிக்கிறேன். தலையும் நானே வாரிவிடுகிறேன், விக்னேஸ்வரிக்கு இரண்டு நாள் லீவு கொடுங்கள்.

திங்கட்கிழமை பெரட்டுக்கு நானும் வருகிறேன். ஆட்கள் வருவதற்கு முன்பே போய்விடலாம். தம்பியை முதலில் கூப்பிடுங்கள். எவ்வளவு நேரம் நின்றாலும் நானும் கூடவே நிற்பேன்.

என் பெயரை எப்போதும்போல் கடைசியிலேயே கூப்பிடுங்கள். "இருக்கேம்மா" என்று சொல்வேன்.

உங்கள் மகள்,
ஜெனட்