உருளைக்கிழங்குக்கு எதற்கு வெர்னியர்?

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சிரித்ததற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். லேத் பட்டறையில் இரும்பை அளக்கிற வெர்னியரைக் கொண்டுவந்து உருளைக்கிழங்கை அளந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அதற்காக, "இனிமே நீயே சமைச்சுக்கோ"ன்னு கோபித்துக்கொண்டு பால்கனியில் போய் உட்காருவதா?

மதியம் என் தம்பி சாப்பிட வருகிறான். நீங்கள்தான் சமைக்கிறீர்கள். நேற்று நறுக்கிய சதுரத் துண்டுகள் ஃபிரிட்ஜில் தண்ணீரில் கிடக்கின்றன. அவன் ஒரு பிடி பிடிப்பான், இன்னும் இரண்டு கிழங்கு நறுக்கிச் சேருங்கள். வெர்னியரைத் தேடாதீர்கள், ஒளித்து வைத்துவிட்டேன். கண்ணளவு போதும்.

வறுக்கும்போது அடுப்பைக் குறைத்து வைத்து, வாசனை வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். அப்புறம் ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதி வாயில் போடுங்கள். உப்பு பார்க்கிற சாக்கில் இன்னொன்றும் போடலாம். சமைக்கிறவருக்கு அதுதான் சம்பளம்.

சொல்ல மறந்துவிட்டேன். அளவு சரியில்லை என்று நீங்கள் ஒதுக்கிய கோணல் துண்டுகளைக் காலையில் வறுத்தேன். ஓரமெல்லாம் மொறுமொறு, நடுவில் மெத்து மெத்து. நின்றபடியே தின்றுகொண்டிருந்ததில் வழக்கமான பஸ் போயே போய்விட்டது.

இன்னொன்று. உங்களுக்கென்று ஒரு கைப்பிடி தட்டில் மூடி வைத்திருந்தேன். இந்தச் சீட்டை எழுதி முடிப்பதற்குள் அதில் பாதி காணோம். சீக்கிரம் எழுந்திருங்கள், அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது, என் கை சும்மா இருக்காது.